உப்புப் பார்க்க ஒரு நாக்கு

எங்கள் ஊரில் வாயில் நுழையாத பெயரோடு ஒரு பலகை ஏறினால் அது மதுக்கடைதான். இதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. காரைக்காலில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, ஒரே தெருவில் தையல் கடை வைத்து முடி நரைத்தவள் நான். அதனால் என் கடைக்கு ஒட்டின வீட்டு வாசலில் பச்சை, வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறத்தில் அப்படி ஒரு பலகையை ஏற்றியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ஐந்து வேளை தொழுகிற வீடு. கையில் பிடித்த கத்திரிக்கோலோடு அப்படியே வெளியே ஓடினேன்.

"தம்பி, என்னங்க இது அநியாயம்? பாங்கு சத்தம் கேக்குற வாசல்ல பாரா தொறக்கப் போறீங்க?"

ஏணியில் நின்றிருந்த தம்பி சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். துபாயில் ஒரு இத்தாலிக்காரர் நடத்திய ஹோட்டலில் பல வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டு, கொரோனாவுக்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டவர்.

"அக்கா, இது இத்தாலி சாப்பாட்டுக் கடைங்க. தண்ணியெல்லாம் கிடையாது. எல்லாம் ஹலால்தான்."

"இத்தாலியா! நம்ம ஊர்ல அதை யாருங்க திங்கிறது?"

"நீங்க திங்க மாட்டீங்களா?"

"எனக்கு மீன்குழம்பு இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாய்க்கு அதுதான் கௌரவம்.

விளையாட்டாகப் பேசினாலும் எனக்கு உள்ளுக்குள் பகீரென்றது. இங்கே முஸ்லிம் வீடுகளில் வீடு என்பது பெண்ணுக்குக் கொடுப்பது. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். ஆகவே அந்த வீடு தம்பியின் வீடு இல்லை, அவர் மனைவியின் வீடு. என்னை அக்கா, அக்கா என்று சுற்றி வரும் அந்தப் பெண், அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்த வீட்டின் முன்பாதியை இடிக்கச் சம்மதித்து, மாடியில் பிள்ளைகளோடு குறுகிக்கொண்டாள். கடை படுத்தால் தம்பி திரும்பவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்ட வேண்டியதுதான். இவள் இடிந்த முன்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெண்ணிடம் ஜாடையாகக் கேட்டும் பார்த்தேன். "இருக்கட்டும்க்கா, அவர் நம்ம கண்ணு முன்னாடி இருந்தா போதும்" என்றாள்.

கடை திறந்த அன்று முதல் ஆளாக என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்தார்கள். அவர் துறைமுகத்தில் பங்குப் படகு வைத்திருக்கிறவர். தட்டில் பார்க்காத மீன் கிடையாது, தட்டை மட்டும்தான் அப்படிப் பார்த்ததில்லை. குழம்புச் சட்டி அளவுக்கு அகலம், நடுவில் ஒரு பிடி சோறு. எடுத்து வாயில் வைத்தேன். ஐயோ சாமி! நறுக்கரிசி! சோற்றின் நடு இன்னும் வேகவில்லை.

"தம்பி, அவசரத்துல எறக்கிட்டீங்க போல."

"இல்லக்கா, இதுதான் பதம். பேரு ரிசோட்டோ. கடிச்சா உள்ள கொஞ்சம் நிக்கணும்."

நிற்கணுமாம்! ஆறு பாய்ந்து முப்போகம் கண்ட சீமையில், விருந்தாளிக்கு வேகாத சோறு போட்டால் அதோடு சம்பந்தமே முறிந்து போகும். விழிதியூரில் என் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு அண்டா சோறு நறுக்கரிசியாகப் போனதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். இவர் என்னடாவென்றால் அதற்குப் பெயர் வைத்து விலையும் போட்டிருக்கிறார். நான் வாயைத் திறந்து கேட்குமுன் என் வீட்டுக்காரர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

அடுத்து கணவாய். அது தனிக் கூத்து. தம்பி முதல் நாளே என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார், கணவாயை மையோடு கொண்டுவரச் சொல்லி. அந்தக் கறுப்பு மையில்தான் சேமியா மாதிரி நீளமாக இருக்கிறதைப் புரட்டிக் கொடுக்க வேண்டுமாம். இவர் என்ன செய்தார் தெரியுமா? படகிலிருந்து இறங்கியதும் கூடை கூடையாகக் கணவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு சொட்டு மை இல்லாமல் பிதுக்கி எடுத்து, நாலு தண்ணி அலசி, மல்லிகைப் பூவாட்டம் கொண்டுபோய் வைத்துவிட்டார். தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"மை வேணும்னு சொன்னேனேண்ணே!"

"சொன்னீங்க தம்பி. அதுக்குன்னு திறப்பு விழாவுக்கு அழுக்கோட கொடுக்க முடியுமா? நாளைக்கு நாலு பேர் என்னைத்தானே கேப்பாங்க?"

மறுவாரம் மையோடு கொண்டுவந்து கொடுத்தார். தட்டில் அது வந்தபோது நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். தார் ஊற்றின மாதிரி கறுப்பு. எங்கள் ஜனம் கடலில் பிறந்து கடலில் சாகிறது, ஒருத்தராவது அந்த மையை வாயில் வைத்ததுண்டா? ஒரு வாய் தின்றேன். பல், உதடு, எல்லாம் கறுத்துப் போனது. ருசி என்று பார்த்தால் பாவம், ஒன்றும் குறை சொல்ல முடியாது. உப்புதான் கரித்துக் கொட்டியது.

உண்மையில் கடையின் கோளாறே அதுதான். ஒரு நாள் கடல் தண்ணியாட்டம் கரிக்கும். மறுநாள் போனால் பிள்ளை பெற்றவளுக்கு வைத்த பத்தியச் சோறு. இறாலும் தக்காளியும் போட்ட பாஸ்தா ஒரு மேசையில் அமிர்தம், அடுத்த மேசையில் அழுகை. கல்லூரிப் பிள்ளைகள் ஒரு தரம் வந்தார்கள், படம் எடுத்தார்கள், மறுதரம் வரவில்லை. இத்தனை வருஷம் சமைத்த ஆள் எப்படி இப்படி என்று நான் என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "புது அடுப்பு, கை பழகணும்ல" என்றார் அவர். மாலையில் கடை வாசலில் அந்தப் பெண் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதைக் காணச் சகிக்காமல் நான் மெஷினைப் பலமாக மிதிப்பேன்.

அப்போதுதான் நோன்பு மாதம் வந்தது. பகலில் கடை கிடையாது, நோன்பு திறந்த பிறகுதான் வியாபாரம். சமையல் மட்டும் பிற்பகல் அசர் தொழுகையோடு ஆரம்பித்துவிடும். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நோன்புக் கஞ்சி காய்ச்சினாலும் சரி, பிரியாணி போட்டாலும் சரி, உப்புப் பார்ப்பது பக்கத்தில் இருக்கிற, நோன்பில்லாத எங்கள் ஜனத்தின் வேலை. சமைக்கிறவர்கள் நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம், குற்றமில்லை என்று அவர்களே சொல்வார்கள். ஆனாலும் யாரும் அந்த வம்புக்குப் போகமாட்டார்கள். கிண்ணத்தில் கஞ்சி மதில் தாண்டி வரும், "போதும்", "கொஞ்சம் போடு" என்று பதில் மதில் தாண்டிப் போகும். அந்தப் பெண் என் கடைக்கே வந்தாள்.

"அக்கா, அவரும் நோன்பு, நானும் நோன்பு. நீங்க சாயங்காலம் வந்து உப்புப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்கக்கா."

"இத்தாலிக்கு நான் உப்புப் பாக்குறதா! வெள்ளைக்காரன் கேட்டா நாண்டுக்குவான்டி."

"அவன் எங்க வரப் போறான், நம்ம ஆளுங்கதானே திங்கப் போறாங்க" என்றாள்.

போனேன். சும்மா சொல்லக்கூடாது, தம்பி கரண்டியை நீட்டிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். நானா விடுவேன்? "தக்காளி புளிப்பு தூக்குது, ஒரு சிட்டிகை சீனி போடுங்க." "மிளகு தட்டிப் போட்டா என்ன, காசு குறைஞ்சிடுமா?" "இந்த சீஸை இவ்வளவு திணிக்காதீங்க, நனைஞ்ச சாக்கு வாடை வருது." எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்று செய்தார். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. சோற்றை இன்னும் கொஞ்சம் வேகவிடச் சொன்னேன். அதற்கும் சரிக்கா.

கூட்டம் சேர ஆரம்பித்தது. தராவீஹ் என்கிற இரவுத் தொழுகை முடிந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெருநாளுக்கு அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு அடுக்குப் பிரியாணி வந்தது, கூடவே அந்தப் பெண்ணும் வந்தாள். "பெருநாள் போனா என்னக்கா, நீங்க தினமும் வந்துட்டே இருங்க. உங்க நாக்கு ராசியான நாக்கு" என்றாள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. யாருக்குத்தான் கனக்காது?

பிறகு அவர்கள் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. 'அவசியம் சாப்பிட்டுப் பார்க்க வேண்டியவை' என்று சாக்பீஸில் அவள் எழுதியிருந்தாள். இறால் ரிசோட்டோ, கணவாய் மை பாஸ்தா, காப்பியில் ஊறின ரஸ்க் மாதிரி வாயில் கரையும் திராமிசு. பூவத்திலிருந்து வண்டி பிடித்து வந்தார்கள். "அசல் இத்தாலி ருசி" என்று ஒருத்தர் ஏப்பம் விட்டுச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அடக் கடவுளே, அது எங்கள் மீனவர் குப்பம் பட்டினச்சேரியில் பிறந்த ருசி என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

இப்போது நினைத்தால் எல்லாம் கண்ணில் பட்டதுதான். ஒரு நாள் பால் அடிப்பிடித்து என் கடை வரைக்கும் தீய்ந்த வாடை வந்தது. எட்டிப் பார்த்தால் தம்பி அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். "கவனிக்கலக்கா" என்றார். இன்னொரு நாள் ஐஸில் இருந்து எடுத்த கொடுவாவை மூக்கருகே வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு, "நீங்க பாருங்கக்கா" என்று என்னிடம் நீட்டினார். மீன்காரன் பெண்டாட்டிக்கு மரியாதை கொடுக்கிறார் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். கெட்டிக்காரிதான் நான்!

அன்றைக்கு விடியற்காலை மழை பெய்து விட்டிருந்தது. கடை ஜன்னலுக்குத் தைத்த திரைச்சீலைகளைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கொல்லைப் பக்கமாகப் போனேன். சமையற்கட்டுக் கதவைத் தள்ளினதும் மூஞ்சியில் அறைந்தது கேஸ் வாடை. அப்படி ஒரு வாடை. கண் எரிந்தது, நெஞ்சு அடைத்தது. ஜன்னல் எல்லாம் மழைக்குச் சாத்தியிருந்தது. தம்பி அடுப்புக்கு முன்னால் நிற்கிறார். அடுப்பின் மேல் பெரிய பாத்திரத்தில் தண்ணீர். கையில் லைட்டர்.

என்னைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தார். "வாங்கக்கா, சீக்கிரமே வந்துட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே லைட்டரை அடுப்பின் பக்கம் கொண்டு போனார்.

"டேய்! பாவி! கையை எடுடா!"

அந்த மனிதரை நான் ஒரு நாளும் வாடா போடா என்று கூப்பிட்டதில்லை. திரைச்சீலையை அப்படியே அவர் மேல் எறிந்து, பாய்ந்துபோய் அந்த லைட்டரைப் பிடுங்கிக் கொல்லையில் வீசினேன். சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகி மூடினேன். ஜன்னல் தாழ்ப்பாள் மழையில் ஊறி இறுகிக் கிடந்தது, திறக்க வரவில்லை. அவர் சுவிட்சுப் பக்கம் போனார், என்ன ஆச்சு என்று லைட்டைப் போட்டுப் பார்க்க. "தொடாதடா!" என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். சட்டையைப் பிடித்து இழுத்துக் கொல்லைக்குக் கொண்டுவந்தேன்.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? கேஸு! வீடு பூரா கேஸு! மேல உங்க பிள்ளைங்க தூங்குதுங்க! உங்களுக்கு அடிக்கலையா?"

அவர் மூக்கை உறிஞ்சினார். திரும்பவும் உறிஞ்சினார். கண்கள் அடுப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தன. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. கேஸ் வாடையும் தெரியவில்லை, தீய்ந்த பாலும் தெரிந்திருக்காது, மீனும் தெரிந்திருக்காது. துணி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"தம்பி… உப்பு?"

அவர் ஈரத் தரையிலேயே குந்தினார். "தெரியாதுக்கா. துபாய்ல கொரோனா காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுல மூக்கும் நாக்கும் சேர்ந்து போச்சு. கூட இருந்தவங்களுக்கெல்லாம் திரும்பி வந்துச்சு. எனக்கு வரல. முதலாளி கண்டுபிடிச்சு அனுப்பிட்டார். ஊர் நினைப்பு வந்துதுன்னு பொய் சொன்னேன்."

"வீட்ல?"

"தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதாங்கக்கா. அதுவும் போச்சுன்னு எந்த முகத்தோட சொல்றது? அவ வீட்டை வேற இடிச்சுக் கொடுத்துட்டா. உங்க நாக்குலதான் இந்தக் கடை நடக்குது. அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்தியது. "ஒரு நிமிஷம் நான் பிந்தியிருந்தா இந்த வீட்ல யார் மிச்சம்? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்ல வேணாம்."

திரும்பினால் அந்தப் பெண். கொல்லை மாடிப்படியின் கடைசிப் படியில், சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். என் கூச்சலுக்கு இறங்கி வந்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

தம்பி எழுந்தார்.

"நீங்க வந்த புதுசுல ஒரு நாள் டீ போட்டேன். சீனின்னு நினைச்சு உப்பை அள்ளிப் போட்டுட்டேன். என் டம்ளரை வாயில வச்சதும்தான் தெரிஞ்சுது, பதறிப்போய் உங்ககிட்ட ஓடி வந்தேன். நீங்க முழுசா குடிச்சிட்டு டம்ளரைக் கீழ வச்சீங்க. நல்லாருக்குன்னு சொன்னீங்க." இடுப்பிலிருந்த பிள்ளையைச் சரியாக ஏற்றிக்கொண்டாள். "நான் அடுப்படியில போய் நின்னு அழுதேன்."

திறந்து கிடந்த கொல்லைக் கதவு வழியாக வாடை மெல்ல வெளியேறிக்கொண்டிருந்தது.

"அப்புறமும் வீட்டைக் கொடுத்தியா?" என்றார் தம்பி. அது கேள்வியாகவே இல்லை.

"பின்ன? சமைக்காம உங்களால இருக்க முடியுமா? நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லல. அதான் நோன்பைச் சாக்கு வச்சு அக்காவைக் கூட்டிட்டு வந்தேன்."

அடிப் பாதகத்தி! ராசியான நாக்காம். நான் என்னவோ என் கைமணத்துக்கும் வாய்ருசிக்கும் கிடைத்த மெடல் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். கோபப்பட முயன்றேன், முடியவில்லை. அவள் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் பக்கத்தில் போய் நின்றாள், தொடவில்லை, நின்றாள்.

கேஸ் கம்பெனி ஆள் வந்து பார்த்தான். எலி கடித்த டியூப். அதை மாற்றி, வாடை வந்தால் கத்துகிற ஒரு கருவியையும் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டுப் போனான். "கருவி கத்தட்டும், கத்தாம போகட்டும். இனிமே அடுப்பை நான்தான் பத்த வைப்பேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். தம்பி தலையாட்டினார்.

கடையை அன்றைக்குப் பூட்டுவார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் என் கடை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, வரலையா?" என்றாள், எதுவும் நடக்காதது மாதிரி. போனேன். அவள் பற்ற வைத்த அடுப்பில் அவர் இறால் ரிசோட்டோ கிண்டிக்கொண்டிருந்தார். எப்போதும் போலக் கரண்டியில் எடுத்து ஊதி நீட்டினார். இத்தனை நாள் அவர் மட்டும்தான் என் வாயைப் பார்ப்பார். இன்றைக்கு இரண்டு பேரும் பார்த்தார்கள். நாலு கண்ணும் என் வாய்மேல்.

வாயில் போட்டேன். காலையில் பார்த்த அந்த லைட்டர் கண்முன்னால் வந்தது. பாவி மனுஷன் முழுசாகக் குடித்து வைத்த அந்த உப்பு டீ வந்தது. புளிப்பா, உறைப்பா, ஒரு எழவும் தெரியவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். மென்று விழுங்கினேன்.

"நல்லாருக்கு" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு உப்பு ஜாடியை எடுத்து மேடையில் வைத்தாள்.

"அக்கா, அதுல இன்னும் உப்பே போடலக்கா."